சிரிப்பு ஷாட்

என் அக்கா தன் புருஷனிடம் போனில் "சாப்பிட்டீங்களா" என்று கேட்டு நான் கேட்டதே இல்லை. "சிரிச்சிட்டீங்களா?" என்றுதான் கேட்பாள். அந்தப் பக்கம் "ம்" என்று வரும். போனை வைத்துவிட்டு உலையில் அரிசி போடப் போய்விடுவாள். புருஷன் சென்னையில், பெண்டாட்டி பெரம்பலூரில். இருபது வருஷத்துக்கு மேல் அவர்கள் நடத்திய குடும்பத்தில் பாதி இந்த ஒரு கேள்வியிலும் அந்த ஒரு "ம்"மிலும் நடந்தது என்று சொன்னால் மிகை இல்லை.

மாமா டிவி சீரியல் நடிகர். பெயரைச் சொன்னால் உங்களுக்குத் தெரியாது. படத்தைக் காட்டினால் "அட, இவரா" என்பீர்கள். கதாநாயகியின் அப்பா, மாப்பிள்ளையின் பெரியப்பா, கிராமத்து வாத்தியார், வட்டிக்குக் கொடுத்து ஏமாந்தவர், கோர்ட்டில் ஒரே ஒரு நாள் வரும் நீதிபதி. எல்லாச் சேனலிலும் இருந்தார். ஒரே சாயங்காலத்தில் ஒரு சேனலில் மகளைக் கட்டிக்கொடுத்து, அடுத்த சேனலில் மகனை வீட்டை விட்டுத் துரத்தி, மூன்றாவது சேனலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிவார். பெரும்பாலும் சரிந்துவிடுவார். அவரை ஒரு கதைக்குள் விட்டால் கொஞ்ச நாளில் கொன்றுவிட வேண்டும் என்று எல்லா எழுத்தாளர்களும் பேசி வைத்த மாதிரி இருந்தது.

படப்பிடிப்பில் ஒரு வழக்கம் உண்டு. பிணமாக நடித்தவரை அப்படியே எழுப்பி வீட்டுக்கு அனுப்ப மாட்டார்கள். மூக்குப் பஞ்சையும் நெற்றிக் காசையும் எடுத்து, வாய்க்கட்டை அவிழ்த்து, உட்கார வைத்து, அதே கேமராவைப் பார்த்துச் சிரிக்கச் சொல்வார்கள். அந்தச் சிரிப்பையும் படம் பிடிப்பார்கள். அது எந்த எபிசோடிலும் வராது. யாரும் பார்க்கப்போவதில்லை. ஆனால் அந்த ஆளைப் பற்றிக் கேமராவில் கடைசியாகப் பதிந்தது பிணமாக இருக்கக் கூடாது. இருந்தால் பலித்துவிடும் என்று பயம். அதற்குப் பெயர் சிரிப்பு ஷாட். அக்கா போனில் கேட்பது அதைத்தான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், மாமா சிரிக்கவே சிரிக்காத மனுஷர்.

சும்மா சொல்லவில்லை. கல்யாண ஆல்பம் இன்னும் இருக்கிறது. போட்டோக்காரர் "மாப்பிள்ளை சிரிங்க, மாப்பிள்ளை சிரிங்க" என்று கெஞ்சி ஓய்ந்து, கடைசியில் "பொண்ணாவது சிரிம்மா" என்று அக்காவிடம் திரும்பியிருக்கிறார். சம்பந்தம் பிடிக்காமல் தாலி கட்டுகிறாரோ என்று எங்கள் அம்மா அன்றைக்கு முழுக்கப் பயந்துகொண்டே இருந்தாள். அப்புறம்தான் தெரிந்தது, மூஞ்சியே அப்படி. கோபம் வராது, குடி கிடையாது, சொன்ன வேலையைச் செய்வார், அக்காவை அதட்டி ஒரு வார்த்தை பேசியதில்லை. சிரிப்பு மட்டும் வராது. எங்கள் வீட்டில் உம்மணாமூஞ்சி என்றால் அவர்தான்.

அந்த மூஞ்சிதான் அவருக்குச் சோறு போட்டது. செந்துறைப் பக்கம் மானாவாரி நிலம், நாலு முந்திரி மரம், அதை நம்பிப் பிழைக்க முடியாது என்று அரியலூர் - செந்துறை தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தார். ஏதோ சீரியல்காரர்கள் சாவுக்குப் போகும் சனங்களைக் காட்ட அந்த பஸ்ஸை ஒரு நாள் வாடகைக்கு எடுத்தார்கள். டைரக்டர் ஜன்னலோரம் நிறுத்திவைத்த துணை நடிகர்களை எல்லாம் விட்டுவிட்டு, விசில் வைத்துக்கொண்டு படியில் நின்ற இவரைப் பார்த்து "சார், நீங்க உள்ள வந்து உக்காருங்க" என்றாராம். கிளிசரின் வேண்டாத முகம் என்று அன்றைக்கே பேர் வாங்கிவிட்டார்.

நான் அவரை விட மாட்டேன். அக்கா புருஷனைக் கேலி செய்ய மச்சினனுக்கு இல்லாத உரிமையா? அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரிகள் ஏறும் எடை மேடையில் எனக்கு வேலை. சனிக்கிழமை மதியம் பஸ் ஏறி பெரம்பலூர் வந்து அக்கா வீட்டில் சாப்பிடுவேன். அவரும் அன்றைக்கு ஊரில் இருந்தால், "மாமா, ஒரே ஒரு தடவ சிரிங்க, டீ வாங்கித் தரேன்" என்பேன்.

"டீ நானே வாங்கிக்கிறேன் மாப்ள" என்பார்.

ஒரு நாள் மட்டும் காரணம் சொன்னார். "இந்த மூஞ்சிக்குத்தான் என்னையக் கூப்புடுறான். சிரிச்சுப் பழகிட்டா மூஞ்சி மாறிடும். அப்புறம் அப்பா வேசம் போயிடும். பிணத்துக்கு ஒரு சிரிப்பு குடுக்குறேன்ல, அது போதும்."

"பிணத்துக்குக் குடுக்குறீங்க, பொண்டாட்டிக்குக் குடுக்கக் கூடாதா?" என்று உள்ளேயிருந்து அக்கா கேட்டாள். கேலியாகத்தான் கேட்டாள். அவர் எழுந்து கை கழுவப் போய்விட்டார்.

சாவதில் அவர் கெட்டிக்காரர். இதைச் சொல்லியே ஆக வேண்டும். கண்ணை மூடிப் படுத்தால் போதும் என்று நாம் நினைக்கிறோம். நாலு பெண்கள் மேலே விழுந்து புரள்வார்கள், வளையல் விலாவில் குத்தும், அவர்களுடைய கிளிசரின் சொட்டு இவர் காதுக்குள் இறங்கும், ஈ வந்து இமையிலேயே உட்காரும். அசையக் கூடாது. மூச்சை நிறுத்த மாட்டார், முதுகுப் பக்கமாக இழுப்பார், வயிறு ஏறாது. இதை வீட்டுக் கட்டிலில் பழகிப் பார்ப்பார். அக்கா காபியோடு வந்து கூப்பிட்டுப் பார்த்து, தொட்டுப் பார்த்து, கத்தியிருக்கிறாள். "கத்தாத, இன்னும் கொஞ்சம் புடிக்க முடியுமான்னு பாத்தேன்" என்று கண்ணைத் திறக்காமலே சொல்வாராம்.

ஊருக்கு அவர் செத்துச் செத்துப் பிழைப்பது பழகிவிட்டது. எதிர்வீட்டில் லப்பைக்குடிக்காட்டுக்காரர்கள், வீட்டுக்காரர் துபாயில். அந்த வீட்டம்மா, ராத்தா என்றுதான் கூப்பிடுவோம், சாயங்காலம் சீரியல் முடிந்ததும் வாசலுக்கு வந்து, "அண்ணனை இன்னைக்கும் கொன்னுட்டானுவளே, அல்லா கேக்க மாட்டானா அவனுவள" என்று அக்காவிடம் துக்கம் விசாரித்துவிட்டுப் போகும். சந்தையில் சின்ன வெங்காயம் விற்கிறவள், முந்தின நாள் இவர் செத்திருந்தால், இரண்டு கை கூடுதலாக அள்ளிப் போடுவாள்.

எல்லாம் அப்படிச் சிரித்துக்கொண்டே போகவில்லை. ஒரு தடவை புது பஸ் ஸ்டாண்டில் நானும் அவரும் சென்னை பஸ்ஸுக்கு நின்றோம். அரும்பாவூர் பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒரு பெண், முப்பத்தைந்து வயது இருக்கும், நேராக வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். நெற்றியில் பொட்டு இல்லை. முந்தின வாரம் அவர் ஒரு சீரியலில் லாரி மோதிச் செத்திருந்தார்.

"எங்க வூட்டுக்காரரும் அப்படித்தாங்க போனாரு. மணல் லாரி" என்றாள். கொஞ்ச நேரம் கையை விடவில்லை. அப்புறம் மெதுவாகக் கேட்டாள். "அங்க எப்படிங்க இருக்கு?"

பைத்தியம் போல என்று அவரை இழுத்துக்கொண்டு நகரப் பார்த்தேன். மாமா நகரவில்லை. அதே மூஞ்சியை வைத்துக்கொண்டு, "வலி இல்லம்மா. படுத்த மாதிரிதான் இருக்கு" என்றார். அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். போய் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து தூக்குவாளியைத் திறந்து சாப்பிட ஆரம்பித்தாள். பஸ் ஏறிய பிறகு, "ஏன் மாமா அப்படிச் சொன்னீங்க" என்றேன். "கேட்டுச்சு, சொன்னேன்" என்றார்.

அக்கா இந்த சிரிப்பு ஷாட்டைப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. ஆரம்பத்தில் அவளுக்கும் அது விளையாட்டுதான். ஒரு தடவை மீன்சுருட்டிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் படப்பிடிப்பு. நம் பக்கம் என்பதால் நாங்களும் வேடிக்கை பார்க்கப் போயிருந்தோம். மாமாவைப் பாடையில் வைத்து நிஜத் தெருவில் தூக்கிக்கொண்டு போனார்கள். ஷாட் முடியவும் மழை கொட்டியது. கேமராவை நனையாமல் எடுத்துப்போகிற அவசரத்தில் எல்லோரும் ஓடினார்கள். மாமா பாடையிலிருந்து தானே இறங்கி, கயிற்றை அவிழ்த்துவிட்டு, பஞ்சை மூக்கிலிருந்து பிடுங்கி எறிந்துவிட்டு எங்களோடு பஸ் ஏறினார். சிரிப்பு எடுக்கவில்லை.

அந்த வாரமே செந்துறையில் அவருடைய அப்பாவை முந்திரிக்காட்டில் பாம்பு கடித்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே போய்விட்டார்.

அந்தச் சாவு வீட்டில் மாமா பட்ட பாடு எனக்கு மறக்காது. பெற்ற அப்பன் செத்துக் கிடக்கிறான், மகன் அழுகிறான். ஊர் சனம் முழுக்க அப்பனைப் பார்க்காமல் மகனைப் பார்க்கிறது. பந்தலுக்கு வெளியே ஒருத்தன், "டிவியில இதவிட நல்லா அழுவாருப்பா" என்றான். மாமா காதில் விழுந்தது. அவர் அழுகையை அந்த இடத்தில் நிறுத்தியவர்தான், கொள்ளி வைக்கும்போதும் அழவில்லை. அழாததற்கும் ஒரு பேச்சு வந்தது.

அக்கா கணக்குப் போட்டுவிட்டாள். சிரிக்காமல் வந்தார், வீட்டில் பிணம் விழுந்தது. "எழுவத்தஞ்சு வயசு, பாம்பு கடிச்சுது. நான் சிரிக்காததுக்கும் பாம்புக்கும் என்னடி?" என்று மாமா சொல்லிப் பார்த்தார். அவள் கேட்கவில்லை. அன்றைக்குத் தொடங்கியதுதான் அந்தப் போன். அவர் நம்பினாரா என்றால் இல்லை. ஆனால் அவள் பயப்படுகிறாள் என்று செய்தார். வடபழனியில் ஒரு தடவை யூனிட் மறந்துபோய்க் கிளம்பிவிட, ஆட்டோ பிடித்துப் போய்க் கேமராமேனை வழிமறித்து, நடுத்தெருவில் நின்று சிரித்துவிட்டு வந்திருக்கிறார். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள், அந்த மூஞ்சியை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சீரியலில் ஒரு நடிகர் விலகிவிட்டால், இல்லை செத்துப்போய்விட்டால், வேறு ஒருத்தரைக் கொண்டுவந்து நிறுத்தி, கீழே "இவருக்குப் பதில் இவர்" என்று எழுத்துப் போடுவார்கள். அடுத்த காட்சியில் பெண்டாட்டி பிள்ளைகள் எல்லாம் புது ஆளை ஒன்றுமே நடக்காத மாதிரி அப்பா என்று கூப்பிடும். மாமாவுக்கு முதல் சில வருஷம் அந்த வேலைதான். செத்தவர்களின் நாற்காலியிலேயே உட்கார்ந்து வளர்ந்தார். ஒருத்தருடைய சட்டையைக்கூடத் துவைத்துக் கொடுத்துப் போட்டுக்கொள்ளச் சொன்னார்களாம். "காலர்ல அவரு பவுடர் வாசனை போவல மாப்ள. அந்தப் பொண்ணு என்னய அப்பான்னு கூப்புடுறப்ப, கண்ணு எனக்குப் பின்னால அந்த ஆளத் தேடும்" என்று சொல்லியிருக்கிறார். தனக்கு அப்படி ஒரு எழுத்து வரக் கூடாது என்பது அவருடைய ஒரே ஆசை. வேறு ஆசை ஏதும் அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

கடைசியாக ஒரு சீரியல் கிடைத்தது. நாலு பெண்களைப் பெற்ற அப்பா. மூன்று வருஷமாகியும் அவரைக் கொல்லவில்லை. எங்களுக்கே ஆச்சரியம். "மறந்துட்டானுவ போல" என்று நான் சொல்வேன். அந்த வேஷத்தின் மேல் அவருக்கு உயிர். அந்த நாலு பெண்களின் பிறந்தநாளும் அவருக்குத் தெரியும். சொந்த மகளைத் திருப்பூரில் கட்டிக்கொடுத்திருந்தோம், அவள் பிறந்தநாளை அக்காதான் ஞாபகப்படுத்த வேண்டும்.

அப்போதுதான் பக்கவாதம் வந்தது. விடியற்காலையில் பல் தேய்க்கப் போனவர் கீழே விழுந்தார். திருச்சிக்குக் கொண்டுபோய்ப் பிழைக்க வைத்துக் கூட்டிவந்தோம். வலது கை, வலது கால் போய்விட்டது. வலது கன்னமும் உதடும் தொங்கிவிட்டன. பேச்சில் நாலைந்து சொல்தான் மிஞ்சியது.

கொஞ்ச நாளில் சீரியலின் இணை இயக்குநர் நேரில் வந்தார். நல்ல மாதிரியான ஆள், ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு வந்திருந்தார். சுற்றி வளைத்துப் பேசவில்லை. "ரெண்டு வழிதாங்க இருக்கு. இன்னொருத்தரப் போட்டுடலாம். இல்லன்னா அப்பா செத்துட்டாருன்னு கதையை மாத்திடலாம். அதுக்கு சார் வசனம் பேச வேண்டியதில்ல. படுத்திருந்தாப் போதும். நாங்க இங்கயே வந்து எடுத்துக்கறோம்."

அக்கா தட்டைக் கீழே வைத்தாள். "எந்திரிக்க முடியாம கெடக்குற மனுசனப் பொணமாக்கிப் படம் புடிக்கப் போறீங்களா? உங்களுக்கு அம்மா அப்பா இல்லையா தம்பி?"

இணை இயக்குநர் தலையைக் குனிந்துகொண்டார். நாற்காலியிலிருந்து மாமாதான் சத்தம் போட்டார். "நா... னே." இடது கையால் நெஞ்சில் அடித்துக்கொண்டார். "நானே. நானே."

என்ன சொல்கிறார் என்று அந்த அறையில் எல்லோருக்கும் புரிந்தது. இன்னொருத்தன் வரக் கூடாது. என் சாவை நானே செத்துக்கொள்கிறேன்.

இரண்டு நாள் அந்த வீட்டில் அடுப்பு சரியாக எரியவில்லை. மகள் போனில் அழுதாள், "அதப் பாக்க நான் வர மாட்டேன்" என்று வைத்துவிட்டாள். மூன்றாம் நாள் அக்கா எனக்குப் போன் செய்து, வரச்சொல்லிவிடு என்றாள். "ஆனா சிரிப்பு ஷாட் எடுக்கணும். அத எடுக்காம ஒரு வண்டியும் இந்தத் தெருவ விட்டுப் போவக் கூடாது."

"அக்கா, மாமாவுக்கு வாய் கோணிக் கெடக்கு. எப்படிச் சிரிப்பாரு?"

"சிரிப்பாரு. நான் பாத்துக்கறேன்."

எனக்கு அந்தப் பைத்தியக்காரத்தனம் பிடிக்கவில்லை. ஆனால் அவளுக்கு அது உயிர்ப் பிரச்சினை என்று தெரிந்தது. இந்த ஒரு சிரிப்பு விடுபட்டால் மனுஷர் நிஜமாகப் போய்விடுவார் என்று நம்பினாள். தினம் காலையில் அவரை நாற்காலியில் உட்கார வைத்து, எதிரே கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு, "சிரிங்க" என்பாள். கைகால் பயிற்சி கொடுக்க வந்த பையனும் நல்லதுதான் என்று சொல்லிவிட்டான். இடது ஓரம் மட்டும் கொஞ்சம் துடிக்கும், மேலே ஏறப் பார்க்கும், விழுந்துவிடும். வாழ்நாள் முழுக்கப் பயன்படுத்தாமல் வைத்திருந்த இடம், கேட்டவுடன் எங்கே வரும்.

பெரம்பலூர் துறைமங்கலத்தில் அவர்கள் குடியிருந்த வாடகை வீட்டு ஹாலில்தான் எடுத்தார்கள். சோபாவைத் தெருவில் போட்டுவிட்டு, தெற்கே தலை வைத்துப் பெஞ்சில் படுக்க வைத்தார்கள். நெற்றியில் காசு, மூக்கில் பஞ்சு, தாடையைச் சுற்றிக் கட்டு. கட்டுப் போட்டதும் கோணல் தெரியவில்லை, பழைய முகமே வந்துவிட்டது. அந்த நாலு பெண்களும் வந்தார்கள். அவர்கள் அழுததில் எது நடிப்பு என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மாலை பெரியது, சாமந்தியும் சம்மங்கியும். ஒரு சம்மங்கி காம்பு கழுத்தில் குத்திக்கொண்டு நின்றது, அவர் அசையவில்லை. உடம்பில் பாதி போயிருந்தது, சாவு மட்டும் குறையாமல் இருந்தது. ஒரே டேக்கில் முடிந்தது.

அக்கா அதுவரைக்கும் அடுப்படியில் முந்தானையால் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ராத்தா பக்கத்தில் இருந்தது. "ஓகே" என்ற சத்தம் கேட்டதும் ஓடி வந்தாள். "எடுங்க, பஞ்ச எடுங்க. மாலையக் கழட்டுங்க. சிரிப்பு எடுக்கணும்."

நான் பெஞ்சில் அவருக்குப் பின்னால் உட்கார்ந்து, என் நெஞ்சில் சாய்த்துத் தூக்கிப் பிடித்துக்கொண்டேன். கேமரா அவருக்கு நேரே, கால்மாட்டில். அக்கா இடது பக்கம் தரையில் மண்டியிட்டிருந்தாள். "அம்மா, ஃபிரேம்ல வர்றீங்க, கொஞ்சம் தள்ளிக்கங்க" என்றார் கேமராமேன். தள்ளிக்கொண்டாள்.

"சார், சிரிங்க."

அவர் உடம்பு என் மேல் இருந்ததால் அவர் முயற்சி செய்வது எனக்குத் தெரிந்தது. முதுகு விறைத்தது. கொஞ்ச நேரம் கழித்து அவர் தலை மெல்ல இடது பக்கம் திரும்பியது. அக்கா இருந்த பக்கம். எனக்கு அவர் பின்மண்டைதான் தெரிந்தது. கேமராமேன் "சார், இங்க, இங்க பாருங்க" என்றார். அவர் திரும்பவில்லை.

"என்னையப் பாக்காதீங்க" என்றாள் அக்கா. "அங்க பாருங்க. கேமராவப் பாத்துச் சிரிங்க. அங்க." கையை நீட்டி அவர் தாடையைப் பிடித்து முகத்தைக் கேமரா பக்கம் திருப்பிவிட்டாள்.

அதற்குப் பிறகு எவ்வளவோ பார்த்தார்கள். கண்ணில் தண்ணீர்தான் வந்தது. எச்சில் வழிந்து என் கையில் விழுந்தது. இணை இயக்குநர் கேமராமேனைப் பார்த்தார். கேமராமேன், "வந்துடுச்சும்மா, எடுத்தாச்சு" என்றார். அக்கா எழுந்து கேமராமேனையே பார்த்துக்கொண்டு நின்றாள். வண்டிகள் போய்விட்டன. தெருவில் கிடந்த சோபாவை நானும் பக்கத்து வீட்டுக்காரரும் தூக்கி உள்ளே போட்டோம்.

அதன் பிறகு அவளுக்கு அதே பேச்சு. "சிரிக்கலடா. அந்த ஆளு பொய் சொல்றான். கூப்புட்டு மறுபடி எடுக்கச் சொல்லு." நானும் இணை இயக்குநருக்குப் போன் செய்தேன். அந்தப் பக்கம் வரும்போது பார்க்கலாம் என்றார். வேறு என்ன சொல்வார்.

ஆடி முடிவதற்குள் மாமா போய்விட்டார். காலையில் காபியோடு போன அக்கா கூப்பிட்டுப் பார்த்தாள், தொட்டுப் பார்த்தாள், ஆனால் இந்தத் தடவை கத்தவில்லை. கண்ணைத் திறப்பார் என்று ஆற அமர உட்கார்ந்து காத்திருக்கிறாள். காபி ஆறி ஆடை படிந்த பிறகுதான் எதிர்வீட்டுக்குப் போய்ச் சொல்லியிருக்கிறாள்.

அதே ஹால், அதே தெற்கு, அதே இடத்தில் ஐஸ் பெட்டி. அழுகைச் சத்தம் கேட்டு வந்த தெருக்காரர்களில் இரண்டு பேர் வாசலில் நின்று, கேமரா எங்கே என்று எட்டிப் பார்த்தார்கள். எனக்கு வந்த கோபத்துக்குக் கையை நீட்டியிருப்பேன். அப்புறம் பார்த்தால் நானே இரண்டு தடவை அவர் வயிற்றைப் பார்த்துக்கொண்டு நின்றேன், முதுகுப் பக்கம் மூச்சு இழுக்கிறாரோ என்று. அக்கா தலைமாட்டில் இடது பக்கமாக உட்கார்ந்திருந்தாள். சிரிப்பு விடுபட்டதால்தான் போனார் என்று ஊரைக் கூட்டி ஒப்பாரி வைப்பாள் என்று பயந்தேன். அவள் அவர் முகத்தின் இடது பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாவு எபிசோடு அதற்கு அடுத்த வாரம் வந்தது. கீழே அஞ்சலி என்று போட்டார்களாம். "இவருக்குப் பதில் இவர்" வரவில்லை. அதை அவரிடம் சொல்ல வேண்டும்போல இருந்தது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, மகளையும் மாப்பிள்ளையையும் திருப்பூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்தேன். அக்கா அடுப்படியில் தரையில் உட்கார்ந்திருந்தாள். நான் கேட்காமலே சொன்னாள்.

"சிரிச்சாருடா."

"எப்பக்கா?"

"அன்னைக்கு. என் பக்கம் திரும்புனாருல்ல, அப்ப. இந்தப் பக்கம் நல்லா இருந்துச்சுல்ல அவருக்கு, அதால. என்னையப் பாத்துச் சிரிச்சாரு. நல்லா சிரிச்சாரு." புடவையில் கையைத் துடைத்தாள். கையில் ஒன்றும் இல்லை. "கல்யாணம் ஆனதுலேருந்து அப்படிச் சிரிச்சதே இல்லடா. நான்தான் அங்க பாருங்கன்னு திருப்பி வுட்டுட்டேன்."

நான் பின்னால் இருந்தேன், பார்க்கவில்லை. கேமராவுக்கும் தெரிந்திருக்காது. பார்த்தது அவள் ஒருத்திதான், அவளும் முழுசாகப் பார்க்கவில்லை.

அவளுக்காக இணை இயக்குநரிடம் கேட்டு அந்தத் துண்டுப் படத்தை வாங்கினேன். வாட்ஸப்பில் அனுப்பினார். வாங்காமல் இருந்திருக்கலாம். என் சட்டை தெரிகிறது. அதன் மேல் சாய்ந்த அவருடைய வலது காது, அதில் ஒட்டியிருந்த ஒரு சாமந்தி இதழ், தொங்கிப்போன வலது கன்னம். முகம் அந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது. ஓரத்திலிருந்து கண்ணாடி வளையல் போட்ட ஒரு கை வருகிறது. தாடையைப் பிடித்துத் திருப்புகிறது. அவ்வளவுதான் இருக்கிறது.

அக்கா அதைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தாள். கை வரும் இடத்தில் நிறுத்துவாள், பின்னால் தள்ளுவாள், மறுபடி ஓட்டுவாள். எனக்கு அரியலூர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. போனைக் கேட்டுக் கையை நீட்டினேன். அவள் கொடுக்கவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"ஏன்டா, டிவிக்காரங்க என்னென்னமோ பண்றாங்களே. இந்தக் கைய மட்டும் எடுத்துட முடியாதா?"